ஸ்டென்ட்டுக்குள் மீண்டும் அடைப்பு: அளப்பது எப்படி?

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம் சங்கத்தில் குறைந்துகொண்டே வருகிறது. நான் கேத் லேப் டெக்னீஷியன் என்பது தெரிந்திருப்பதால், ஆண்டு விழாப் பந்தியில் உட்காரும்போதே ரிப்போர்ட்டை நீட்டி, "எழுபது சதவீதம்னு போட்டிருக்கே, மறுபடியும் வைக்கணுமா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாமா, வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்பதை என்னால் சொல்ல முடியும்.

1977-ல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற டாக்டர் முதன்முதலில் இருதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்தார். விரித்த குழாய்களில் மூன்றில் ஒன்று சில மாதங்களிலேயே மீண்டும் சுருங்கியது. பின்னர் உலோக ஸ்டென்ட் வந்தது. அப்போதும் நாலைந்து பேரில் ஒருவருக்கு அடைப்பு திரும்பியது. இது பழைய கொழுப்பு திரும்பி வருவதல்ல. விரித்தபோது குழாயின் உட்சுவரில் பட்ட காயம் ஆறும்போது, அங்குள்ள தசைச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகின்றன. தோலில் சிலருக்குத் தழும்பு தடிப்பது போலத்தான். அந்தப் பெருக்கத்தை அடக்கவே ஸ்டென்ட்டின் மேல் மருந்து பூசினார்கள். முதலில் வெற்றி பெற்ற சிரோலிமஸ் என்ற மருந்து, ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து எடுத்த கிருமியில் கிடைத்தது. மாண்ட்ரியலில் அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் சுரேந்திரநாத் சேகல் நம் துணைக்கண்டத்தில் பிறந்தவர்.

இனி அளவைப் பார்ப்போம். மருந்து கொடுத்துக் குழாயைத் தளர்த்திவிட்டு, சாயம் செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுக்கிறோம். படத்தில் எது எத்தனை மி.மீ. என்று எப்படித் தெரியும்? உள்ளே விட்ட கதீட்டரே ஸ்கேல். 6 ஃபிரெஞ்ச் கதீட்டர் என்றால் 2 மி.மீ. அகலம். அதை வைத்துக் கம்ப்யூட்டர் மிகக் குறுகிய இடத்தின் அகலத்தைக் கணக்கிட்டு, பக்கத்தில் நன்றாக இருக்கும் பகுதியோடு ஒப்பிடுகிறது. நல்ல பகுதி 3 மி.மீ., குறுகிய இடம் 1.2 மி.மீ. என்றால் அடைப்பு 60 சதவீதம். இதையே குழாயின் வாய்ப்பரப்பாகக் கணக்கிட்டால் 84 சதவீதம்! ஒரே அடைப்புதான். குழாய்க்குள்ளேயே கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைகளில் பரப்பளவுக் கணக்கு வரும். ஆகவே, "அங்கே அறுபது, இங்கே எண்பத்துநாலு" என்று கலங்குமுன், விட்டமா பரப்பா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் கண்ணாலேயே மதிப்பிட்டதா என்றும் கேட்கலாம். கண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் சொல்லும்.

ஆராய்ச்சிகளில் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டென்ட் வைத்து முடித்தபோது இருந்த அகலத்திலிருந்து, சில மாதம் கழித்து இருக்கும் அகலத்தைக் கழிப்பார்கள். 2002-ல் வெளியான ராவெல் ஆய்வில், வெறும் ஸ்டென்ட்டுக்குள் இந்த இழப்பு சராசரி 0.80 மி.மீ.; மருந்து பூசியதில் ஏறக்குறைய பூஜ்யம். விட்டத்தில் பாதியோ அதற்கு மேலோ அடைத்திருந்தால் 'மீண்டும் அடைப்பு' என்று எண்ணுவார்கள். 1,058 பேர் சேர்ந்த சிரியஸ் ஆய்வில் (2003), மருந்து ஸ்டென்ட்டுக்குள் மட்டும் பார்த்தபோது அது 3.2 சதவீதம். இருபுறமும் 5 மி.மீ. சேர்த்துப் பார்த்தபோது 8.9 சதவீதம். விளம்பரத்தில் எந்த எண் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் படத்தில் அடைப்பு தெரிந்தது 36 சதவீதம். நெஞ்சுவலி போன்ற காரணத்தால் அதே இடத்தில் மறுசிகிச்சை தேவைப்பட்டது 16.6 சதவீதம்தான். படம் வேறு, நோயாளி வேறு. 2015-ல் வெளியான டக்ஸெடோ ஆய்வு, இந்தியாவில் 1,830 நீரிழிவு நோயாளிகளிடம் இரண்டு வகை மருந்து ஸ்டென்ட்டுகளை ஒப்பிட்டபோது, படத்தை விட்டுவிட்டு நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதையே அளந்தது. சந்தேகமான அடைப்பென்றால், அதைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று மெல்லிய கம்பி விட்டுப் பார்க்கலாம். 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக அதைத் தொடுவதில்லை.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்திருப்பார்கள்; வலி வருவது பிள்ளையோடு தில்லியில் இருக்கும்போது. பழைய சி.டி. கோயம்புத்தூர் வீட்டு பீரோவில் இருக்கும். அது இல்லாவிட்டால், ஸ்டென்ட் இப்போது சுருங்கியதா, அன்றைக்கே சரியாக விரியாமல் போனதா என்று பிரித்தறிவது கஷ்டம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. சி.டி.யின் நகலையும், ஸ்டென்ட்டின் அகலமும் நீளமும் எழுதிய அட்டையையும் இங்கேயும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட்டுக்குள் திடீரென ரத்தம் உறைவது வேறு ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தால் சி.டி.யைத் தேடிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.