காருக்கு நகை பூட்டலாமா?

பெண்ணுக்கு நகை செய்து போட்டு அழகு பார்ப்பது நம் வீட்டு வழக்கம். இப்போது அந்த ஆசையில் ஒரு பங்கு காரின் மேலும் விழுந்திருக்கிறது. புது வண்டி வாசலில் வந்து நின்று, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காய்வதற்குள், "இதற்கு என்னென்ன போடலாம்?" என்ற பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சக்கரம், விளக்கு, ஸீட் உறை, பாட்டுப் பெட்டி என்று காருக்கான 'நகைக் கடைகள்' வரிசையாக இருக்கின்றன!

போடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் தங்கம் வாங்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, நாளைக்கு விற்றால் என்ன தேறும் என்று துருவித் துருவிக் கேட்கிற நாம், காருக்குப் பூட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறோம். "அதெல்லாம் ஆண்கள் விஷயம்" என்று ஒரு நினைப்பு. விஷயம் அவர்களுடையதாக இருக்கட்டும். பணம் இரண்டு பேருடையது அல்லவா?

ஒரு லட்சத்து இருபதாயிரம்

எங்கள் தெருவில் ஓர் இளம் தம்பதி. இருவருக்கும் உத்தியோகம். கடன் போட்டு 8 லட்ச ரூபாயில் கார் வாங்கினார்கள். பிள்ளையாண்டானுக்கு வண்டியின் மேல் உயிர். அகலமான டயரும் அலாய் வீலும் 45,000. முன்னால் இரும்புத் தடுப்பு 14,000. கண்ணைப் பறிக்கும் விளக்கு 11,000. பாட்டுப் பெட்டி 32,000. ஸீட் உறை 15,000. ஊரைக் கூட்டும் ஹாரன் 3,000. கூட்டிப் பாருங்கள், 1,20,000!

நாலாவது வருஷம் மாமியாருக்கு இருதய ஆபரேஷன். அவசரமாக வண்டியை விற்க வேண்டி வந்தது. பார்க்க வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "பழைய சக்கரம் இருக்கிறதா?" என்றார். அதை அன்றைக்கே கடையில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாகிவிட்டது. "இந்தக் கம்பி, ஹாரன் எல்லாம் நான் எடுத்தாக வேண்டும். ஒயரிங்கையும் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்" என்று சொல்லி, விலையில் 20,000 குறைத்துக் கேட்டார். போட்ட பணமும் போய், எடுக்கிற கூலியும் தலையில் விழுந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

"அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மாமி" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. நீங்களாவது கேட்கவேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது சட்டத்துக்குச் சம்மதமா?" என்பது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் சட்டம் திருத்தப்பட்டது. விதிக்குப் புறம்பாக மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்!

ஜன்னலில் ஒட்டும் கறுப்பு பிலிமுக்கு 2012-லேயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டுவிட்டது. முன், பின் கண்ணாடிகள் வழியே 100-க்கு 70 பங்கும், பக்கக் கண்ணாடிகள் வழியே 50 பங்கும் வெளிச்சம் ஊடுருவியாக வேண்டும்.

முன்னால் கட்டும் இரும்புத் தடுப்பு பலம் என்று பலர் நம்புகிறார்கள். வாஸ்தவத்தில் அது ஆபத்து. மோதும்போது காரின் முன்பக்கம் நசுங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இரும்புக் கம்பி அந்த அதிர்ச்சியை நேரே சட்டத்துக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் கடத்திவிடுகிறது. உயிர் காக்கும் காற்றுப் பை சமயத்தில் விரியாமலும் போகலாம். தெருவில் நடப்பவர் மேல் பட்டால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

விளக்கும் டயரும்

சாதாரணமாகப் பல கார்களில் வரும் ஹாலஜன் பல்ப் 60/55 வாட். கடையில் 100/90 வாட் பல்ப் கொடுப்பார்கள். விளக்குக்காகப் போட்ட மெல்லிய ஒயரில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? காரிலும் அதே கதைதான். ஒயர் சுடும், ஹோல்டர் உருகும். எதிரே வருகிறவருக்கோ கண் கூசும்.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். டயரின் குறுக்களவு 100-க்கு 5 பங்கு கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 63-ல் ஓடும். அகல டயர் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.

ஸீட் உறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில கார்களில் ஸீட்டின் பக்கவாட்டிலேயே காற்றுப் பை இருக்கிறது. அதற்கென்று தைக்காத உறையை இறுக்கிப் போட்டால், அந்தப் பையின் வாயைக் கட்டியதற்குச் சமானம்.

இன்ஷ்யூரன்ஸ் விஷயத்திலும் ஜாக்கிரதை. புதிதாகப் பூட்டியவற்றைத் தெரிவித்து, தனியாகப் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்கு நஷ்ட ஈடு. காரின் மதிப்பே இரண்டு வருஷம் தாண்டினால் 100-க்கு 30, மூன்று தாண்டினால் 40, நாலு தாண்டினால் 50 என்று குறைத்துத்தான் கணக்கிடுவது வழக்கம். கார் நிலைமையே இப்படியென்றால், அதன் காதில் தொங்கும் ஜிமிக்கிக்கு யார் விலை கொடுப்பார்கள்?

காஸ் கணக்கு

பெட்ரோல் வண்டியில் சி.என்.ஜி. பொருத்துவது வேறு வகை. இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற கருவியாக இருக்க வேண்டும், ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஷ்யூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும்.

லாபமா என்பது உங்கள் வண்டி ஓடுகிற தூரத்தைப் பொறுத்தது. கருவிக்கு 60,000 ரூபாய், கிலோ மீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணம் திரும்ப 30,000 கிலோ மீட்டர் ஓட வேண்டும். மாதம் 2,000 ஓடுகிறவருக்குப் பதினைந்தே மாதம். கோயிலுக்கும் கடைக்குமாக மாதம் 500 ஓடுகிறவருக்கு ஐந்து வருஷம்! அதற்குள் வண்டியையே மாற்றிவிடுவோம்.

ரூபாய்க்கு ரூபாய் பெறுமானம்

அப்படியானால் எதற்குத்தான் செலவழிக்கலாம்? குழந்தைக்கு உரிய ஸீட் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். தேய்ந்த டயருக்குப் பதில், கம்பெனி சொன்ன அதே அளவில் நல்ல டயர் போடுங்கள். பிரேக்கின் அடியில் நழுவாத மிதியடி போடுங்கள். பின்னால் வரும்போது எச்சரிக்கும் கருவி 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் கூடவே வருகிறது. பழைய வண்டியானால் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் விளையாடும் குழந்தை கண்ணாடியில் தெரிவதில்லை.

கடைசியாக என் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சுவாதீனமில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு சின்னக் கார் வாங்கி, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்கும்படி மாற்றி அமைத்தாள். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யிலும் பதிவாகிவிட்டது. செலவு 40,000 ரூபாய்.

"விற்றால் அந்தப் பணம் திரும்பாதேடி?" என்று நான் ஒரு நாள் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "பன்னிரண்டு வருஷம் பஸ் ஸ்டாப்பிலே, யாராவது கை கொடுத்து ஏற்றிவிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு ஒரு விலை போட்டுச் சொல். அப்புறம் லாப நஷ்டம் பார்க்கலாம்" என்றாள்.

அவள் வண்டியில் பளபளக்கும் சக்கரம் இல்லை. ஊரைக் கூட்டும் ஹாரன் இல்லை. தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் காருக்கு ஏதாவது போட வேண்டும் என்ற பேச்சு வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உள்ளே உட்காருகிறவர்களுக்கா, வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கா?" உள்ளே இருப்பவர்களுக்கு என்றால், தாராளமாகப் பணப்பையைத் திறக்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு என்றால், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பாட்டி சொன்னதை ஞாபகப்படுத்திவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுங்கள்!