முன்செயலியும் மூலநிரலும்

நூல் முதல்நூல், வழிநூல் என இருவகைப்படும் என்பது தொல்காப்பிய மரபியலின் முடிபு. முதல்நூலைத் தொகுத்தோ விரித்தோ மொழிபெயர்த்தோ வழிநூல் யாக்கப்படுகிறது. கையில் இருப்பது இவ்விரண்டனுள் எது என்று தெளியாமல் ஆராயப் புகுவோர் இடர்ப்படுவர். கணினித் துறையிலும் இதனையொத்த நிலை ஒன்று உண்டு. வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இயங்கும் பெருங்கணினிகள், நிரலாளர் எழுதிய மூலநிரலை நேரே படித்து இயங்குவதில்லை. அதிலிருந்து படிப்படியாக ஆக்கப்பெற்ற வழிநிரலே இயங்குகின்றது. அந்த வழிநிரலாக்கத்தின் முதற்படியில் நிற்கும் கருவியே முன்செயலி.

முன்செயலி தோன்றிய காரணம்

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளுள் பெயர் பெற்றது, ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அறிவித்த சிஸ்டம் 360 என்னும் வரிசை. அந்நிறுவனத்தின் இன்றைய பெருங்கணினிகள் அதன் வழிவந்தவையே. இவற்றில் வணிகக் கணக்குகளுக்குப் பெரிதும் பயன்படும் மொழி கோபோல். அமெரிக்க அரசாங்கத்தாரும் கணினி ஆக்குநரும் பயன்படுத்துவோரும் 1959இல் கூடி அதனை வகுக்கத் தொடங்கினர். 1960இல் அதன் இலக்கணம் வெளிவந்தது.

பின்னர் வந்த இரண்டு வசதிகள் அவ்விலக்கணத்தில் இல்லை. ஒன்று, 1969இல் வெளிவந்த சி.ஐ.சி.எஸ். பல முனையங்களில் அமர்ந்திருப்போர் ஒரே வேளையில் கணினியைப் பயன்படுத்த இஃது இடந்தருகிறது. மற்றொன்று, 1983இல் அறிவிக்கப்பெற்ற டி.பி.2 என்னும் தரவுத்தளம். இதனிடம் எஸ்.க்யூ.எல். என்னும் வினாமொழியில் கேட்டே விடை பெறுதல் வேண்டும். புதிய வசதி ஒன்று வருந்தோறும் கோபோலையும், அதனை எந்திர மொழியாகப் பெயர்க்கும் கம்பைலரையும் மாற்றுவது எளிதன்று. ஆதலின், அயல்மொழி வாக்கியங்களைக் கோபோலுக்கு இடையே எழுத விட்டு, கம்பைலர் காணுமுன் அவற்றைக் கோபோலாகவே மாற்றிவிடும் வழி கைக்கொள்ளப்பட்டது.

அயல் வாக்கியம் 'எக்செக்' என்று தொடங்கி 'எண்ட்-எக்செக்' என்று முடியும். டி.பி.2 முன்செயலி, இவ்வெல்லைகளுக்கு இடைப்பட்ட வரிகளில் ஏழாம் இடத்தில் உடுக்குறி இட்டு, அவற்றைக் கம்பைலர் பொருட்படுத்தாத குறிப்புரையாக்கும். பின் அவ்விடத்தில் தரவுத்தளத்தை அழைக்கும் கோபோல் வாக்கியத்தைச் சேர்க்கும். இதனால் வரிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. கம்பைலர் சுட்டும் பிழையின் வரி எண் வழிநிரலுக்கு உரியது; மூலநிரலுக்கு உரியதன்று. இதனை அறியாத புதியவர், பிழையில்லாத வரியிலே பிழையைத் தேடி நாளைக் கழிப்பதுண்டு.

படிகளும் அவற்றின் வரிசையும்

இப்படிகள் ஜே.சி.எல். என்னும் பணிக்கட்டளை மொழியில் எழுதப்பெற்று, அனைவருக்கும் பொதுவான நடைமுறையாகச் சேமித்து வைக்கப்படும். டி.பி.2 முன்செயலி முதலிலும், சி.ஐ.சி.எஸ். பெயர்ப்பி அடுத்தும், கம்பைலர் அதன் பின்னும், இணைப்பி இறுதியிலும் அமைவது நன்று. முதலிரண்டையும் முன்பின்னாக மாற்றினும் நிரல் கெடுவதில்லை. ஆனால், சி.ஐ.சி.எஸ். பெயர்ப்பி தான் அறியாத ஒவ்வொரு எஸ்.க்யூ.எல். வாக்கியத்திற்கும் ஓர் எச்சரிக்கை தரும். வீண் எச்சரிக்கைகள் மலிந்தால், மெய்யான எச்சரிக்கை அவற்றுள் மறைந்துவிடும்.

இனி, பல நிரல்களுக்கும் பொதுவான விளக்கங்களைத் தனி ஏட்டில் வைத்து, 'காப்பி' என்ற சொல்லால் வரவழைப்பது கோபோல் வழக்கம். அச்சொல்லை விரிப்பது கம்பைலர். அதற்கு முன்னரே வேலையை முடித்துவிடும் முன்செயலியின் கண்ணுக்கு அவ்வேட்டில் உள்ளது எதுவும் புலனாகாது. ஆகவே, எஸ்.க்யூ.எல். வாக்கியத்தில் வரும் மாறியின் விளக்கம் அவ்வேட்டில் இருந்தால், அது விளக்கப்படாத மாறி என்று முன்செயலி பிழை கூறும். அத்தகைய ஏட்டை எஸ்.க்யூ.எல். மொழிக்கு உரிய 'இன்க்ளூட்' என்னும் சொல்லால் வரவழைத்தல் வேண்டும். அதனை முன்செயலியே விரிக்கும்.

விருப்பக் குறிப்புகளும் ஒத்திருத்தல் வேண்டும். சொற்றொடரைச் சூழ்வது ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா, பதின்மப் பகுதியைப் பிரிப்பது புள்ளியா காற்புள்ளியா என்பவற்றில் முன்செயலிக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றும் கூறுதல் கூடாது.

ஒரு சொற்றொடர் தரும் மயக்கம்

ஒவ்வொரு படியும் முடியும்போது ஓர் எண்ணைத் தரும். 0 என்பது குறையின்மை, 4 எச்சரிக்கை, 8 பிழை, 12 பெரும்பிழை. முன்படியில் பிழை இருந்தால் அடுத்த படி நிகழாதவாறு ஜே.சி.எல்.இல் 'கண்ட்' என்னும் நிபந்தனை இடப்படும். அஃது '4, எல்.டி.' என்று எழுதப்படும். எல்.டி. என்பதன் பொருள் 'சிறியது' என்பதாகும். முன்படியின் எண் 4ஐவிடச் சிறியதாயின் இப்படியை நிகழ்த்துக என்று இதனைப் படிப்பாரும் உளர். அது பிழை. 4 என்பது முன்படியின் எண்ணைவிடச் சிறியதாயின் இப்படியைத் தவிர்க்க என்பதே அதன் பொருள். இந்நிபந்தனை செய்தற்கு உரியதன்று, தவிர்த்தற்கு உரியது. எழுவாயையும் பயனிலையையும் தடுமாறிக் கொண்டு நிபந்தனை எழுதினால், பழுதுபட்ட நிரல் தடையின்றி அடுத்த படிக்குச் சென்றுவிடும்.

இரட்டைப் பிள்ளைகள்

யாவற்றினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. டி.பி.2 முன்செயலி ஈன்று தருவன இரண்டு. ஒன்று, கம்பைலருக்குச் செல்லும் வழிநிரல். மற்றொன்று, நிரலில் உள்ள எஸ்.க்யூ.எல். வாக்கியங்களைத் திரட்டிய டி.பி.ஆர்.எம். என்னும் ஏடு. இவ்வேடு 'பைண்ட்' என்னும் பிணைப்பு வேலையால் தரவுத்தளத்தில் பதியும். இரண்டிலும் முன்செயலி ஒரே அடையாள முத்திரையைப் பொறிக்கும். வழக்கமாக அது முன்செயலி ஓடிய நேரத்தைக் கொண்டு அமையும்.

சம்பளப் பட்டியல் ஆக்கும் நிரல் ஒன்றைக் கருதுக. அதில் ஓரெழுத்தும் மாறவில்லை. எனினும் ஒருவர் முன்செயலியிலிருந்து மீண்டும் ஓட்டி, இணைப்பியின் வழிவந்த இயங்குநிரலை மட்டும் நடைமுறைக் கணினிக்கு அனுப்புகிறார்; பிணைப்பைப் புதுப்பிக்க மறந்துவிடுகிறார். அன்றிரவு நிரல் தரவுத்தளத்தை அழைக்கும்போது முத்திரைகள் பொருந்துவதில்லை. -805 அல்லது -818 என்னும் பிழை எண் வருகிறது, வேலை நின்றுவிடுகிறது. ஊழியர் பலர் சம்பளத்திற்குக் காத்திருக்க, காரணம் தேடுவோர் மூலநிரலை எத்துணை முறை படித்தாலும் அதில் குற்றம் காணார். குற்றம் எழுத்தில் இல்லை. உடன்பிறந்த இரண்டும் பிரிந்ததில் உள்ளது. ஆயினும், இம்முத்திரை இடையூறு அன்று, காவல். அஃது இல்லையேல், ஒரு காலத்து நிரல் வேறொரு காலத்து வினாக்களோடு கூடித் தவறான கணக்கை ஓசையின்றித் தந்துவிடும்.

இன்றைய நிலை

பிற்காலக் கோபோல் கம்பைலர்கள் முன்செயலியின் வேலையைத் தமக்குள்ளேயே அடக்கிக்கொண்டன. அவற்றில் 'காப்பி' ஏடும் புலனாகிறது. பிழைப் பட்டியலும் ஒன்றாகிறது. தனிப்படிகள் குறைந்ததனால் விருப்பக் குறிப்புகள் முரண்படும் வாய்ப்பும் குறைந்தது. ஆனால், டி.பி.ஆர்.எம். ஏடு இன்றும் தனியே பிறக்கின்றது. அதனையும் இயங்குநிரலையும் இணைபிரியாது கொண்டு செல்லும் கடமை நீங்கவில்லை.

ஆகவே, சீரிய நடைமுறையின் இலக்கணம் சுருங்கியது: திருத்தம் மூலநிரலில் மட்டுமே நிகழ்தல் வேண்டும், வழிநிரலைக் கையால் தொடுதல் கூடாது, ஒரே ஓட்டத்தில் பிறந்தவை ஒன்றாகவே செல்லுதல் வேண்டும். முதல்நூலையும் வழிநூலையும் பிரித்தறியும் பழக்கம் உடையோர்க்கு இது புதிய பாடம் அன்று.