காதோடு பேசும் கருவி

வானொலி நிலையத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவர் இரு காதுகளையும் மூடி ஹெட்போன் அணிந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். பேசுபவரின் குரல் மின்னோட்டமாக மாறிக் கம்பி வழியே செல்கின்றது. அம்மின்னோட்டத்தை மீண்டும் ஒலியாக்கிக் காதுக்கு அளிப்பது, ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்தினுள்ளும் அமைந்திருக்கும் ஒரு சிறிய உறுப்பாகும். டிரைவர் என்று வழங்கும் அதனை இயக்கி எனக் குறிப்பிடலாம். புதிய ஹெட்போன்கள் புதிய எண்களைத் தாங்கிக் கடைக்கு வருகின்றன. பிந்தி வந்தது முந்தியதினும் சிறந்தது என்று வாங்குவோர் எண்ணுவதும் இயல்பே. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் மெய்யானது என்பதை அறிய, இயக்கி வளர்ந்து வந்த வழியைச் சற்று நோக்குதல் வேண்டும்.

பித்தளைத் தட்டு ஒன்றைத் தட்டினால் அது தனக்கேயுரிய ஓர் ஒலியை எழுப்பும். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினால் வேறோர் ஒலி பிறக்கும். அதிரக்கூடிய பொருள் ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு தனிக்குரல் உண்டு. அக்குரலின் அதிர்வெண்ணோடு ஒத்த ஒலி வந்து தாக்கும்போது அப்பொருள் அளவுக்கு மீறி அதிரும். இதனைப் பௌதிக நூலார் பரிவு என்பர். ஹெட்போன் இயக்கியின் உள்ளே அதிர்வதும் ஒரு மெல்லிய தகடே. அது பாடகரின் குரலையும் வயலினின் நாதத்தையும் ஏந்தி வருகின்ற தூதன். தூதன் தன் சொல்லைச் செய்தியோடு கலந்துவிட்டால் செய்தி கெடும். ஆகவே, அதிர்தகட்டின் தனிக்குரலை அடக்குவது எவ்வாறு என்பதே நூற்றாண்டுக்கு மேலாகப் பொறியியலாளரின் கவலையாக இருந்து வந்திருக்கின்றது.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதையடுத்து வழக்கத்துக்கு வந்த தொலைபேசி வாங்கியின் அமைப்பு மிக எளியது. நிலைக்காந்தம் ஒன்று, அதன் முனையில் கம்பிச்சுருள், எதிரே மெல்லிய இரும்புத் தகடு. சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது காந்தத்தின் இழுவிசையும் கூடிக் குறையும். தகடு அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்யும். பேச்சை விளங்கிக்கொள்ள இது போதுமாயிருந்தது. எனினும் இதில் இரண்டு குறைகள் இருந்தன. தகடு காந்தத்தை நெருங்க நெருங்க இழுவிசை பெருகுவதால், உள்ளே செல்லும் அசைவும் வெளியே வரும் அசைவும் சமமாக இருப்பதில்லை. மேலும், காந்தத்தால் ஈர்க்கப்படவேண்டிய தகடு இரும்பாகவே இருத்தல் வேண்டும். ஈர்ப்பை ஏற்பதும் காற்றைத் தள்ளுவதும் ஆகிய இரு தொழில்களை ஒரே இரும்புத் துண்டு செய்தபடியால், அதன் தனிக்குரலும் உரத்து ஒலித்தது.

இவ்விரு தொழில்களையும் பிரித்து வைத்தவர்களுள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் போல்ட்வின் குறிப்பிடத்தக்கவர். அவர் சிறிய இரும்புக் கோல் ஒன்றைக் காந்த முனைகளுக்கு நடுவே, இரு பக்கத்து இழுவிசையும் சமமாகும் வண்ணம் தராசுக் கோல் போல நிறுத்தினார். அக்கோலின் அசைவு ஒரு நுண்ணிய கம்பியின் மூலம் அப்பிரகத் தகட்டுக்குச் சென்றது. இழுவிசையை இரும்பு ஏற்றது. காற்றை இலேசான அப்பிரகம் தள்ளியது. 1910ஆம் ஆண்டில் இவர் அனுப்பிய மாதிரியை அமெரிக்கக் கடற்படையினர் சோதித்து, தம்மிடமிருந்தவற்றினும் மேலானதெனக் கண்டு வாங்கினர். தொடக்கத்தில் போல்ட்வின் அவற்றைத் தமது வீட்டுச் சமையலறையிலேயே செய்து கொடுத்தார். அக்காலத்துக் கம்பியில்லாத் தந்தியில் ஒலியைப் பெருக்கும் வசதி அரிதாகையால், கப்பலிலிருந்த தந்தியாளர் இரைச்சலினூடே மெல்லிய ஒலியைச் செவியாலேயே பிரித்தறிய வேண்டியிருந்தது. ஒரு புள்ளி செவியில் விழாது போயின் உதவி கோரும் செய்தியே தவறிவிடக்கூடும்.

வானொலி ஒலிபரப்பு உலகில் பரவிய 1920களில், பளிங்குக் கல்லைக் கொண்டு இயங்கிய எளிய வாங்கிகளுக்கும் இத்தகைய காதுக்கருவிகளே துணையாயின. மின்கலமின்றி, வான்கம்பியிற் சேரும் சிறு ஆற்றலைக் கொண்டே அவை ஒலித்தமையால், மயிரினும் மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றி, ஈராயிரம் ஓம் அளவான தடையுடன் காதுக்கருவிகளைச் செய்தனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டில் தொடங்கியதும் இக்காலத்திலேதான்.

அடுத்த பெரும் மாற்றம் இரும்பை அசையும் பகுதியிலிருந்து முற்றாக நீக்கியது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரைஸ், கெலொக் என்னும் இருவர் அசையும் சுருள் ஒலிபெருக்கியை நடைமுறைக்கு ஏற்றவாறு அமைத்து விளக்கினர். இம்முறையிற் காந்தம் அசையாது நிற்கும். அதன் முனைகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய இடைவெளியில், தகட்டோடு ஒட்டிய இலேசான சுருள் அசையும். முன்னே செல்லும் விசையும் பின்னே வரும் விசையும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் பழைய கோணல் நீங்கிற்று. தகடும் இரும்பாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பெர்லின் நகரில் ஒயிகன் பேயர் என்பவரின் நிறுவனம் இம்முறையைக் காதளவுக்குச் சுருக்கி, டிடி 48 என்னும் ஹெட்போனை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிறு மாற்றங்களுடன் அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டது. ஆயின் இதற்கும் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. சுருளின் பாரம் முழுவதையும் தகடு சுமக்கவேண்டும். அப்பாரத்தை விரைவாக அசைக்க வலிய காந்தம் வேண்டும். வலிய காந்தமோ அந்நாளிற் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரைச் சேர்ந்த ஜோன் கொஸ் 1958ஆம் ஆண்டில் இரு காதுகளுக்கும் வெவ்வேறு ஒலியை அளிக்கும் எஸ்பி 3 என்னும் ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டார். சிறிய ஒலிபெருக்கிகளையே காதுக் கிண்ணங்களில் வைத்து அமைத்தது அது. தந்தியாளருக்கும் பணிமனைக்கும் உரியதாயிருந்த கருவி இசை கேட்போரின் வீட்டுக்குள் புகுந்தது இவ்வாறே. ஆயினும் மூடிய கிண்ணங்களினுள் அடைபட்ட காற்று ஒரு வில்லுச்சுருள் போலத் தகட்டைத் திருப்பித் தள்ளியது. கிண்ணத்தின் சுவர்களில் மோதித் திரும்பிய ஒலி, குடத்துக்குள் பேசுவது போன்ற தன்மையைச் சேர்த்தது. தகட்டின் குரலோடு இப்போது கிண்ணத்தின் குரலும் கலந்தது.

ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்டி 414, இதற்குத் துணிவான ஒரு பரிகாரம் கண்டது. கிண்ணத்தின் பின்புறத்தைத் திறந்துவிட்டு, காதின்மேல் ஒலி ஊடுருவக்கூடிய நுரைப் பஞ்சை வைத்தனர். பின்னே செல்லும் ஒலி தடையின்றி வெளியேறியதால் அடைப்புத் தன்மை மறைந்தது, கருவியும் இலேசாயிற்று. மஞ்சள் நிறப் பஞ்சு பொருந்திய இக்கருவி ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. ஆனால், திறந்த கருவியில் ஆழ்ந்த தாழ்சுரங்கள் மெலிவதும், அருகிலிருப்போர் காதிலும் ஒலி விழுவதும் தவிர்க்கக் கடினமானவை. இதற்குமுன்னரே, 1960ஆம் ஆண்டில், யப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் முற்றிலும் வேறு வழியிற் சென்றது. சுருளையே அகற்றி, மிக மெல்லிய படலத்துக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஊட்டி, இரு துளைத் தகடுகளுக்கிடையே நிலைமின் விசையால் அதனை அசைத்தனர். படலம் முழுவதும் ஒருங்கே தள்ளப்படுவதால் அதன் தனிக்குரல் பெரிதும் அடங்கிற்று. எனினும் தனியான மின்பெட்டி தேவைப்பட்டதால் இம்முறை ஒரு சிலரிடமே நின்றுவிட்டது.

காந்தத்தின் பாரத்தைக் குறைத்தது வேதியியல் தந்த கொடையாகும். 1979ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வோக்மன் என்னும் கைக்கருவியை வெளியிட்டபோது, அதுவரை 300 முதல் 400 கிராம் வரை நிறையிருந்த ஹெட்போனை ஏறத்தாழ 50 கிராமாகக் குறைத்தது. சமாரியம், கோபால்ற்று ஆகியவை சேர்ந்த சிறு காந்தம் இதற்கு உதவிற்று. 1980களில் வந்த நியோடிமியக் காந்தம் அதனினும் வலிமை மிக்கது. அதன்பின்னர் காந்தத்தின் பாரம் பெருந்தடையாக இருக்கவில்லை. கவனம் மீண்டும் தகட்டின்மேல் திரும்பியது.

இம்மாற்றத்தை ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த படைப்புகளிற் காணலாம். சென்ஹைசர் 1997ஆம் ஆண்டில் எச்டி 600 என்னும் திறந்த ஹெட்போனை வெளியிட்டது. 2003ஆம் ஆண்டில் அதன் வழியில் எச்டி 650 வந்தது. இரண்டும் 300 ஓம் தடையுடையன. அமைப்பிலும் நெருங்கிய உறவின. பின்னதில் தகட்டின் அசைவைத் தணிக்கும் நுண்ணிய நெசவுத் துணி சேர்க்கப்பட்டது. துணியின் நுண்துளைகளினூடே காற்று புகுந்து வெளிவரும்போது, தேவையற்ற அதிர்வின் ஆற்றல் சிறிது சிறிதாகக் கரைந்துவிடும். எண் ஐம்பது கூடியதன் பொருள் புதிய இயக்கி பிறந்தது என்பதன்று. இருந்த இயக்கியைப் பக்குவப்படுத்தினர் என்பதே.

2009ஆம் ஆண்டின் எச்டி 800 உண்மையிலேயே வேறுபட்டது. அதன் இயக்கியின் விட்டம் 56 மில்லிமீற்றர். தகடு பெரிதானால் கூடிய காற்றை எளிதில் தள்ளலாம். ஆனால் பெரிய தகடு உயர்ந்த சுரங்களின்போது ஒருங்கே அசையாது, நடுப்பகுதி ஒருபுறமும் விளிம்பு மறுபுறமுமாக நெளியும். ஆகவே பொறியியலாளர் நடுப்பகுதியையே நீக்கி, தகட்டை வளையமாக்கி, உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் பிணைத்தனர். நெளிவதற்கு இடமில்லாமற் போயிற்று. அவ்வாறிருந்தும் 6,000 ஹேர்ட்ஸ் அண்மையில் ஒரு மேடு எஞ்சிநின்றது. பாடகரின் சகர ஒலிகளும் தாளத் தகடுகளின் ஓசையும் சிலரது காதுக்குக் கூர்மையாகப் பட்டன.

அதற்கு மருந்து மிகச் சிறிய கருவி ஒன்றிலிருந்து வந்தது. 2012ஆம் ஆண்டில் அதே நிறுவனம், காதுத்துளையினுள் பொருத்தும் ஐஇ 800 என்னும் கருவியிற் சிறிய காற்றறைகளை அமைத்து, மிகுதியான ஒலியை உறிஞ்சச் செய்தது. வெறுஞ்சாடியின் வாயில் ஊதினால் ஒரு குறித்த சுரம் எழுவதை எவரும் அறிவர். அச்சுரத்துக்கு ஒத்த ஒலி வெளியே எழும்போது சாடியினுள்ளிருக்கும் காற்று அதன் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த உண்மை இது. அதனையே வளையத் தகட்டின் வெற்று நடுவிடத்திற் பொருத்தி, எச்டி 800 எஸ் என்னும் பெயருடன் 2016ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்டனர். தகட்டின் குரலை அடக்க எடுத்த இடமே, எஞ்சிய மேட்டைத் தணிக்கவும் பயன்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவது யாதெனின், ஒவ்வொரு புதிய கருவியும் முந்தியதன் ஒரு குறையைத் தீர்த்து, அத்தீர்வுக்குரிய விலையையும் உடன்கொண்டு வருகின்றது என்பதாகும். எச்டி 800 வந்த பின்னரும் எச்டி 600 விற்பனையிலிருந்து மறையவில்லை. அதனையே விரும்பிய கேட்போர் பலர். இதற்குக் காதும் ஒரு காரணம். மனிதச் செவிக்குழாய் 3,000 ஹேர்ட்ஸ் அளவிலே தானும் பரிவுறுகின்றது; குழாயின் நீளமும் காதுமடலின் உருவும் ஆளுக்காள் வேறுபடுவதால், ஒரே ஹெட்போன் இருவருக்கு ஒரே விதமாக ஒலிப்பதில்லை. எனவே, ஹெட்போன் வாங்கச் செல்பவர் எண்ணின் உயர்வையும் இயக்கியின் அகலத்தையும் மட்டும் கண்டு பணத்தைக் கொடுத்துவிடலாகாது. இது முந்தியதில் எக்குறையைத் தீர்த்தது, அதற்கு எதனை விட்டுக்கொடுத்தது என்று வினவுதல் வேண்டும். பின்னர், நன்கு பழகிய ஒருவரது குரலை அதனூடே கேட்டல் வேண்டும். அக்குரல் அவரது குரலாகவே செவியிற் படுமாயின், தகடு தன் கடமையைச் செய்துள்ளது எனக் கொள்ளலாம்.