கூரைக்கு எட்டாயிரம்

தீயணைப்பு வண்டி திரும்பிப் போன பிறகு குடிசையில் மிஞ்சுவது சுவர்தான். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பனை ஓலையோ கரும்புத் தோகையோ வேய்ந்த வீடு பற்றிக்கொண்டால், டவுனிலிருந்து வண்டி வருவதற்குள் முகட்டு வளை எரிந்து உள்ளே விழுந்திருக்கும். பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் தடுப்பதே வந்தவர்களுக்குப் பெரிய வேலை. மண்சுவர் எரிவதில்லை. அனலில் வெந்து, மேல்பக்கம் கறுத்து, மூலைகளில் விரிசல் விட்டு நிற்கும். பாதி செங்கல்லாகிவிட்ட அந்தச் சுவரின் மேல் தீயணைப்புத் தண்ணீர் பட்ட இடங்களில் மண் கரைந்து வழிந்திருக்கும். இது இன்னொரு கூரையைத் தாங்குமா, இடித்துவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டுமா என்பதைத்தான் வீட்டுக்காரர் மறுநாள் காலையில் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே வி.ஏ.ஓ. வந்துவிடுவார்.

வி.ஏ.ஓ. எழுதும் அறிக்கையில் ஒரு வார்த்தைக்குப் பதினைந்து மடங்கு விலை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022-ல் வகுத்த விதிமுறைப்படி, சமவெளியில் ஒரு வீடு முழுவதும் அழிந்தால் ரூ.1,20,000. அது காரை வீடா, மண் வீடா என்று பேதமில்லை. ஆனால் அழிந்தது ‘குடிசை’ என்றால் ரூ.8,000. ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் போன்றவற்றால் ஆன தற்காலிகக் குடில், கச்சா வீட்டைவிடத் தாழ்ந்தது, அதிகாரிகள் வழக்கமாகக் குடிசை என்று கருதுவது எதுவோ அதுதான் குடிசை. விளக்கம் இவ்வளவே. தாத்தா காலத்தில் எழுப்பிய ஒன்றரை அடி மண்சுவர், மரக்கதவு, திண்ணை எல்லாம் இருந்தும் மேலே ஓலை இருந்தால் அது என்ன கணக்கு? நம் ஊர்களில் பெரும்பாலும் குடிசைக் கணக்கில்தான் போகும். துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் தலா ரூ.2,500 என்று அதே விதிமுறையில் தனி வரிகள் உண்டு. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்கலாம் என்பது தெரிந்தால்தானே கேட்பார்கள்?

சட்டமன்ற உறுப்பினர் வருவார். அரிசிச் சிப்பம், வேட்டி, சேலை, கையில் கொஞ்சம் பணம், ஒரு போட்டோ. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்றைக்கு உலை வைக்க அந்த அரிசிதான் உதவும். ஆனால் வீடு அந்தப் போட்டோவுக்கு வெளியே இருக்கிறது.

அடுத்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது ஒன்றுதான்: மறுபடியும் ஓலை. பங்காளிகள் நாலு மூங்கில் தருவார்கள், மச்சான் ஊரிலிருந்து டிராக்டரில் ஓலை வரும், கைமரம் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இரண்டு நாளில் நிழல் வந்துவிடும். பனை நிறைந்த, கரும்பு விளைகிற இந்த மாவட்டத்தில் இதைவிட மலிவான கூரை வேறு எது? கத்திரி வெயிலில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு ஓலையின் அருமை தெரியும். ஆனால் அதே கத்திரியில்தான் ஓலை வெடவெடவென்று காய்ந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அடுப்பில் அணையாத கொள்ளி, கூரைக்குள் தொங்கும் ஒட்டுப்போட்ட ஒயர், கொசுவத்தி, சாமி விளக்கு, கல்யாணத்தில் எங்கோ வெடித்த வாணம். காரணங்கள் இந்தப் பட்டியலைத் தாண்டுவது அபூர்வம்.

ஓலையும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2004-ல் இரண்டு முறை பார்த்தது. ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்படப் பலர் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அரசு ஒரே மூச்சில் அகற்றியது. அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் திரும்பிப்போகிற வீட்டின் கூரைக்கு அந்த வேகம் வரவில்லை.

தீ தானாகப் பற்றுவது மட்டுமில்லை, பற்ற வைப்பதும் உண்டு. அந்தக் கதையை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரிலேயே நடந்த கலவரத்தில் தலித் குடியிருப்பு கொளுத்தப்பட்டது. 12 பேர் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் இந்தப் பகுதியைத்தான் மையமாகக் கொண்டு நடந்தது. அதில் உயிரிழந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் கட்டிய மணிமண்டபத்தை 2025 ஜனவரியில் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். அதே நாட்களில் அன்றைய தென்னார்க்காட்டின் பல ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததையும் சேர்த்துத்தான் அந்த வருடத்தை நினைக்க வேண்டும்.

குடிசை எரிந்ததிலிருந்துதான் தமிழ்நாட்டின் வீட்டுக் கொள்கையே தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1971-ல், பண்ணையார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அவர் குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1974-ல் தாட்கோ தொடங்கப்பட்டது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் ஆட்டோ லோனும் மாட்டு லோனும்தான் ஞாபகம் வரும். ஆனால் அது பிறந்தது ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டிக்கொடுக்க. தீப்பிடிக்காத வீடு என்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். எண்பதுகளில் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் ஆக்குவதாகச் சொன்னது, வீட்டுக்கு ரூ.75,000. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, திட்டமும் மாறியது. 300 சதுர அடியில் சோலார் விளக்கோடு பசுமை வீடு. ஆண்டுக்கு 60,000 வீடுகள். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களுக்கு ஆட்சி மாறியது தெரியாது. வேப்பங்கன்று முளைத்து அவை நின்றுகொண்டிருந்தன.

இப்போது நடப்பில் இருப்பது 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், அதில் நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைத் தொகையும் அடக்கம். 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு பொருளில் வீட்டுக்காரர் விருப்பப்படி கூரை போட்டுக்கொள்ளலாம். மண் சாந்து வைத்துக் கட்டக் கூடாது. ஓலை கூடவே கூடாது. நல்ல திட்டம். முந்தைய திட்டங்களைவிடத் தொகை உண்மைக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது.

சிக்கல் தொகையில் இல்லை, அது வந்து சேரும் வரிசையில்தான். கடைக்கால் எடுத்து பேஸ்மட்டம் முடித்தால் ஒரு பில். லிண்டல் வந்தால் ஒன்று. தளம் போட்டால் ஒன்று. பூச்சு முடித்து, கதவு ஜன்னல் வைத்து, பெயிண்ட் அடித்தால் கடைசி பில். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் செலவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர். ஓவர்சீயர் வந்து போட்டோ எடுத்து, அது கணினியில் ஏறிய பிறகுதான் வங்கிக் கணக்கில் பணம் விழும். கையில் காசுள்ளவருக்கு இது தொந்தரவில்லை. போன வாரம் பீரோ, அண்டா, விதைநெல், மகளுக்கு வாங்கி வைத்த தோடு எல்லாம் சாம்பலான வீட்டில் கடைக்காலுக்கு யார் பணம் தருவது? மகளிர் குழுவில் ஒரு லோன், தண்டல்காரரிடம் கொஞ்சம். வானூர் பக்கம் திருவக்கரையில் குவாரிகளும் கிரஷர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. என்றாலும் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கடன் சொல்ல முடியாது.

“லிண்டல்ல நிறுத்தினா சுவரு மழைல ஊறும்க்கா. எங்கயாவது பொரட்டி தளத்த போட்டுருங்க” என்பார் கொத்தனார். “எங்க தம்பி பொரட்றது? குழுலயே ரெண்டு வாட்டி வாங்கியாச்சு” என்பார் அந்த அம்மா. கட்டிடம் நடக்கும் ஒவ்வொரு காலனியிலும் இந்தப் பேச்சு காதில் விழும். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடும். சில வீடுகளில் பில் வருவதற்குள் வட்டியே ஒரு மூட்டை சிமென்டைத் தின்றுவிடும்.

அதற்கும் முன்னால் பட்டா. சொந்த மனைப் பட்டா இருந்தால்தான் கனவு இல்லம். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ரோட்டுப் புறம்போக்கிலும் இருப்பவர்களுக்கு ஓலையைத் தவிர வழியில்லை. நிரந்தரமாகக் கட்டினால் இடித்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களைச் சுலபமாக எரியக்கூடிய வீட்டிலேயே வைத்திருக்கிறது. பட்டா இருந்தும் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் இன்னொரு ரகம். வீடு எரிந்தது என்பதற்காகப் பெயர் தானாகப் பட்டியலின் மேலே ஏறாது. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்து, ஆட்சியர் மனது வைத்தால் சீக்கிரம் ஆணை வரலாம். மனு கொடுத்துத்தான் நகர வேண்டுமென்று ஏன் இருக்கிறது? நிவாரண அறிக்கை எழுதுகிற வருவாய்த் துறையும், வீடு கட்டிக்கொடுக்கிற ஊரக வளர்ச்சித் துறையும் ஒரே ஆட்சியரின் கீழ்தான் இருக்கின்றன. வி.ஏ.ஓ.வின் தீ விபத்து அறிக்கை அப்படியே பி.டி.ஓ. ஆபீசுக்கு வீட்டு விண்ணப்பமாகப் போக ஒரு சுற்றறிக்கை போதும். கடைக்காலுக்கு மட்டும் முன்பணம் கொடுக்க இன்னொன்று. இரண்டுக்கும் புதிதாக ஒரு பைசா நிதி ஒதுக்கத் தேவையில்லை.

கான்கிரீட் வீடுகளும் எரிகின்றன. திண்டிவனம் டவுனில் மாடி வீட்டில் சிலிண்டரோ மின்கசிவோ தீ மூட்டினால், வெளியிலிருந்து பார்க்க வீடு அப்படியே நிற்கும். வெள்ளையடித்துவிட்டுக் குடிபோகலாம் என்று தோன்றும். அது ஆபத்து. கான்கிரீட் சுமார் 300 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பலம் குறையத் தொடங்கும். சில வகை ஜல்லி போட்ட கான்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். 600 டிகிரியை நெருங்கும்போது உள்ளிருக்கும் கம்பி தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். தளத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், ‘ணங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்கும். அங்கே காரை கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அதன் மேல் பூச்சு பூசுவது நோயை மூடி வைப்பதுதான். கட்டிடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

சிலிண்டரால் வந்த தீ என்றால் ஒரு விஷயம். பதிவு செய்த முகவரியில் நடந்த விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில், சொத்துச் சேதத்துக்கு ரூ.2 லட்சம் வரையும், உயிரிழந்தால் ஆளுக்கு ரூ.6 லட்சமும் உண்டு. தனியாக பிரீமியம் கட்டத் தேவையில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுதிக் கொடுத்து, தீயணைப்புத் துறை அறிக்கையும் போலீஸ் பதிவும் கையில் வைத்திருக்க வேண்டும். ரெகுலேட்டரையும் ட்யூபையும் குப்பையில் போட்டுவிடக் கூடாது. சொந்தமாகக் காப்பீடு எடுக்க நினைப்பவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்பது விதி.

பீரோவுக்குள் இருந்த ரூபாய்க் கட்டு கருகியிருந்தால் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒட்டியிருக்கும் தாள்களைப் பிரிக்கப் பிரிக்கப் பொடியாகும். உள்ளூர் வங்கிக் கிளை வாங்காது. அப்படியே ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து, சென்னையில் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு பரப்பு மிஞ்சியிருக்கிறதோ அதைப் பொறுத்துப் பணம். பத்திரம் எரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பட்டா இணையத்திலேயே இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு இரண்டும் இ-சேவை மையத்தில் முடியும் வேலை. பிள்ளைகளின் மார்க் ஷீட்தான் அலைய வைக்கும். பேரிடரில் கல்விச் சான்றிதழ்களை இழந்ததற்கென்று வருவாய்த் துறை தனியாக ஒரு சான்று தருகிறது, இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். அதை வாங்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனால் பாதி அலைச்சல் குறையும்.

கட்டி முடிய ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் வரை குடும்பம் எங்கே இருக்கும்? அதே மனையின் மூலையில், கிடைத்த தார்ப்பாயையும் ஓலையையும் சாய்த்துப் போட்ட ஒரு சாய்ப்பில். மின்சாரம் பக்கத்து வீட்டு ஒயரில் வரும். சாய்ப்புக்குள்ளேயே அடுப்பு. முதல் தீக்கு என்னென்ன காரணங்கள் இருந்தனவோ அத்தனையும் இன்னும் நெருக்கமாக அங்கே கூடியிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டரளவுக்கு மழை கொட்டியபோது இப்படிப்பட்ட சாய்ப்புகள்தான் முதலில் போயின.

வீடு முடிந்து பால் காய்ச்சிய பிறகும் அந்தச் சாய்ப்பு பெரும்பாலும் பிரிக்கப்படுவதில்லை. சிலிண்டர் விலைக்குப் பயந்து விறகில் சமைக்கிறவர்களுக்குப் புது வீட்டின் வெள்ளைச் சுவரைக் கரியாக்க மனம் வராது. வெயிலில் தளம் இறக்கும் அனலில் நின்று சமைக்கவும் முடியாது. அடுப்பு வெளியே போய்விடும். புதுச் சுவரை ஒட்டி, ஓலைக்கு அடியில். அந்த 60 சதுர அடிச் சலுகையை யாராவது ஓவர்சீயர் முதல் நாளே வீட்டு அம்மாவிடம் விளக்கியிருந்தால், அங்கேயே ஓடு வேய்ந்து புகைபோக்கி வைத்து ஒரு விறகடுப்புச் சமையலறை கட்டியிருக்கலாம். விதியில் அதற்கு இடமிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த 60 சதுர அடியும் சேர்ந்தே கான்கிரீட் ஆகி, நெல் மூட்டை அடுக்கப் பயன்படுகிறது.