வட்டப் பூங்காவில் தொடங்கும் பெங்களூரு வரலாறு

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: பெங்களூருவின் வைட்ஃபீல்டில் இன்று பூங்கா என்றால், தகவல் தொழில்நுட்பப் பூங்காவே நினைவுக்கு வரும். ஆனால், அவ்வூர் உருவானது ஒரு புல்வெளியைச் சுற்றித்தான். நாடாளுமன்ற வரலாற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

ஆங்கிலோ-இந்தியர்கள் குடியேறி விவசாயம் செய்வதற்காக, மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1882-ல் 3,999 ஏக்கர் நிலம் வழங்கினார். அச்சமூகத்தின் சங்கத் தலைவர் டி.எஸ். ஒயிட்டின் பெயரே ஊருக்கு நிலைத்தது. நடுவே வட்ட வடிவப் பூங்கா, சுற்றிலும் தோட்டங்களுடன் ஓட்டு வீடுகள் எனக் குடியிருப்பு அமைந்தது.

"இன்னர் சர்க்கிள்' எனப்படும் அந்த வட்டம் இன்றும் உள்ளது. பழைய வீடுகளில் எஞ்சியவை சிலவே. 1990-களில் மென்பொருள் நிறுவனங்கள் வரத் தொடங்கியபின் நில மதிப்பு உயர்ந்தது. பல வீடுகள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வழிவிட்டன.

நகரின் பழைய பூங்காக்களை நடந்து காண விரும்புவோர் இங்கிருந்தே தொடங்கலாம். மெட்ரோ ரயிலின் ஊதா வழித்தடம் 2023 அக்டோபரில் முழுமை பெற்றதால், வண்டி மாறாமல் கப்பன் பூங்காவை அடைய முடிகிறது. 1870-ல் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி உருவாக்கிய அப்பூங்காவுக்கு 1927-ல் சாமராஜேந்திரர் பெயர் சூட்டப்பட்டது. வைட்ஃபீல்டுக்கு நிலம் தந்த அதே மன்னரின் சிலையும் அங்குள்ளது.

தெற்கே சுமார் ஒரு மணி நேரம் நடந்தால் லால்பாக். 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம். இன்று 240 ஏக்கர் பரப்புடையது. கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்குள்ள பாறைக்குன்றின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்பது புவியியலாளர்கள் கணிப்பு.

இவ்விரு பூங்காக்களையும் பாதுகாக்க கர்நாடகத்தில் 1975-ம் ஆண்டின் சட்டம் உள்ளது. ஆனால், அது அரசுப் பூங்காக்களுக்கானது. வைட்ஃபீல்டின் தனியார் வீடுகளுக்கு அதனால் பயனில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 331-வது பிரிவின்படி, ஆங்கிலோ-இந்தியர் இருவரை மக்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமித்து வந்தார். 104-வது திருத்தத்தில் இந்த ஏற்பாடு நீட்டிக்கப்படாததால், 2020 ஜனவரி 25-டன் அது முடிவுக்கு வந்தது. அவையில் அச்சமூகத்துக்கென இருந்த இடங்கள் இப்போது இல்லை. அவர்கள் எழுப்பிய வீடுகளும் குறைந்துவிட்டன. அவர்களது கனவுக் கிராமத்தின் வரைபடத்தை இன்றும் காட்டி நிற்பது அந்த வட்டப் பூங்காதான்.