முடுக்கக் கணக்கா? இனி அச்சம் வேண்டாம்!

இயற்பியல் தேர்வு என்றதும் எங்கள் வகுப்பில் பலருக்குக் கை நடுங்கும். வரையறைகளை மனப்பாடம் செய்துவிடலாம், படங்களையும் வரைந்துவிடலாம். கணக்கு வந்தால்தான் பேனா நின்றுவிடும். அதிலும் ‘சீரான முடுக்கத்துடன் இயங்கும் பொருள் ஒன்று’ என்று வினா தொடங்கினால் கேட்கவே வேண்டாம். அந்த அச்சம் எங்களை விட்டுப் போன வழியைத் தோழியருக்கும் தங்கையருக்கும் கூறவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

முடுக்கம் என்பது யாது? ஒரு பொருளின் திசைவேகம் ஒவ்வொரு வினாடியிலும் எவ்வளவு மாறுகிறதோ அதுவே முடுக்கம். இம்மாற்றம் எல்லா வினாடிகளிலும் ஒரே அளவாக இருந்தால் அது சீரான முடுக்கம். மரத்திலிருந்து விழும் மாங்காயின் வேகம், காற்றின் தடையை விட்டுவிட்டால், வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் கூடிக்கொண்டே போகிறது.

இதை முதன்முதலில் தெளிவாக அளந்து காட்டியவர்களுள் தலையாயவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. நேராக விழும் பொருளை அளக்க அவரிடம் நல்ல கடிகாரம் இல்லை. ஆகவே சாய்ந்த பலகையில் பள்ளம் வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருளவிட்டார். பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தைக் கணக்கிட்டார். காலம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது என்று கண்டார். இவ்வாராய்ச்சிகள் அடங்கிய அவருடைய நூல் 1638 ஆம் ஆண்டு வெளிவந்தது.

கலிலியோவின் மூத்த மகள் ஒரு கன்னியர் மடத்துத் துறவி என்பதை அறிந்தபோது நாங்கள் வியந்தோம். அவருடைய துறவறப் பெயர் மரியா செலஸ்தே. 1633 இல் தந்தை திருச்சபை விசாரணையில் தண்டனை பெற்றுத் துயருற்றபோது, அன்பு நிறைந்த கடிதங்களால் அவரைத் தேற்றியவர் இம்மகளே. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். கலிலியோவுக்கு இழைக்கப்பட்ட தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992 இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இனிக் கணக்கிற்கு வருவோம். இதில் வரும் அளவுகள் ஐந்தே: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், காலம், கடந்த தூரம். மூன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மூன்று சமன்பாடுகள் உள்ளன.

1. இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + (முடுக்கம் × காலம்).

2. தூரம் = (தொடக்கத் திசைவேகம் × காலம்) + (முடுக்கம் × காலத்தின் வர்க்கம்) இல் பாதி.

3. இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + (2 × முடுக்கம் × தூரம்).

எதை எப்போது பயன்படுத்துவது? கணக்கில் தரப்படாமலும் கேட்கப்படாமலும் இருக்கும் அளவு எது என்று பார்க்க வேண்டும். அந்த அளவு இல்லாத சமன்பாடே நமக்கு உரியது. உதாரணமாக, காலத்தைப் பற்றிய பேச்சே இல்லையென்றால் மூன்றாவதை எடுக்கலாம்.

சில அளவுகள் எண்ணாக இல்லாமல் சொல்லில் மறைந்திருக்கும். ‘ஓய்வு நிலையிலிருந்து’ என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. ‘வந்து நின்றது’ என்றால் இறுதித் திசைவேகம் சுழி. கிணற்றில் நழுவவிட்ட கல் 2 வினாடியில் நீரைத் தொட்டால் ஆழம் என்ன? 9.8 ஐ 4 ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 19.6 மீட்டர். கயிறு இல்லாமலே கிணற்றை அளந்துவிட்டோம்!

நாங்கள் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்கிறோம். மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்பதால் அங்கே முடுக்கமும் சுழி என்று பலர் எழுதினோம். அது தவறு. திசைவேகம்தான் சுழி, புவியின் இழுப்பு அப்போதும் உண்டு. இல்லையேல் கல் அங்கேயே தொங்கிக்கொண்டல்லவா இருக்கும்!

மற்றொரு பிழை அலகில் நேர்ந்தது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ்ஸின் வேகம், பிரேக் போட்டதும் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் குறைகிறது. நிற்குமுன் எவ்வளவு தூரம் செல்லும்? 72 ஐ அப்படியே வர்க்கமாக்கி 10 ஆல் வகுத்து, 518 மீட்டர் என்று எழுதினோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, “அந்த பஸ் நம் பள்ளியையும் தாண்டி, மாதா கோவிலையும் தாண்டியல்லவா போய் நிற்கும்? விடை எழுதியபின் அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள்” என்றார்கள். 5 ஆல் பெருக்கி 18 ஆல் வகுத்தால் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். அப்போது விடை 40 மீட்டர்.

பிறகு சிஸ்டர் அதே கணக்கை 36 கிலோமீட்டர் வேகத்திற்குச் செய்யச் சொன்னார்கள். பாதிதானே, 20 மீட்டர் வரும் என்று நினைத்தோம். வந்ததோ 10 மீட்டர்! வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் பஸ் முறையே 20 மீட்டரும் 10 மீட்டரும் ஓடிவிடும். ஆக மொத்தம் 60 மீட்டர், 20 மீட்டர்.

வகுப்பே அமைதியானது. மணி அடித்ததும் பஸ் வருவதைப் பார்த்தும், ‘ஓடினால் கடந்துவிடலாம்’ என்று நாங்கள் எத்தனை நாள் சாலையில் இறங்கியிருக்கிறோம்! ஓட்டுநர் எவ்வளவு நல்லவராயினும் அந்த 60 மீட்டருக்குள் அவரால் பஸ்ஸை நிறுத்த இயலாது. அன்று முதல் சிறு வகுப்புத் தங்கையரின் கையைப் பிடித்து நிறுத்தி, பஸ் போனபின்பே கடக்கிறோம்.

ஆகவே தோழியரே, கணக்கை அமைதியாகப் படியுங்கள், தெரிந்ததை எழுதுங்கள், அலகையும் திசையையும் சரிபாருங்கள், விடையை உலகத்தோடு ஒப்பிடுங்கள். மதிப்பெண் வரும். அதனினும் மேலாக, இறைவன் படைத்த உலகம் ஓர் ஒழுங்கில் இயங்குகிறது என்ற உணர்வும் வரும். அந்த ஒழுங்கை அறிந்து நடப்பதே அறிவு.