ஜாக்கி: ஆள் பெயர் கருவியான கதை

ஜாக் என்பது ஜான் என்ற ஆங்கிலப் பெயரின் செல்லச் சுருக்கம். தெருவுக்குப் பத்து ஜாக் இருந்ததால், இடைக்கால இங்கிலாந்தில் அது எவரோ ஒரு சாதாரண ஆளைக் குறிக்கும் சொல்லாயிற்று. பிறகு அந்த ஆள் செய்த வேலையைச் செய்யும் கருவிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காலணியைக் கழற்ற உதவும் கட்டையும் ஜாக். கம்பியில் குத்திய இறைச்சியை நெருப்பின்மேல் சுழற்றும் பொறியும் ஜாக். சீட்டுக்கட்டில் ராணிக்கு அடுத்து நிற்பவனும், ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளையும் அதே பெயர்க்காரர்கள்தாம். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகூட ஜாக்கின் (Jack) ஸ்காட்லாந்து வடிவமான ஜொக்கிலிருந்து (Jock) வந்தவர்.

தமிழில் ஜாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாரம் தூக்கும் கருவி. கார் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியின் உயிர் அதன் திருகில் இருக்கிறது. எளிய திருகு ஜாக்கியில் 30 சென்டிமீட்டர் கைப்பிடி ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 188 சென்டிமீட்டர் பயணிக்கும். பாரமோ 6 மில்லிமீட்டர்தான் உயரும். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்கும் வியாபாரம் இது. உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் போய்விடும். ஆனால் அந்த நஷ்டமே காவலும்கூட: கையை எடுத்தாலும் பாரம் திருகைப் பின்னோக்கிச் சுழற்றாது.

எண்ணெய் ஜாக்கி வேறு வகை. சிறு பிஸ்டனை அழுத்தினால் அதே அழுத்தம் எண்ணெய் வழியே பெரிய பிஸ்டனிலும் பரவும். பரப்பு 20 மடங்கு என்றால் விசையும் 20 மடங்கு. பாஸ்கல் சொன்ன இந்த விதியை வைத்து ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

சாலை உயர்ந்து பள்ளத்தில் சிக்கிய வீடுகளையும் ஜாக்கிகள் தூக்குகின்றன. அடித்தளச் சுவரைப் பகுதி பகுதியாக உடைத்து வரிசையாக ஜாக்கி வைப்பார்கள். ஆட்கள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். ஓரிடத்தில் கூடினாலும் குறைந்தாலும் சுவர் விரிசல் விடும். போதிய உயரம் வந்ததும் இடைவெளியில் செங்கல் கட்டப்படும். பேச்சுவழக்கில் ஆளையும் “ஜாக்கி வச்சுத் தூக்குவது” உண்டு.

காருக்கு ஜாக்கி வைக்கும்போது தரை சமமாக இருக்க வேண்டும். கைபிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.